பேரிடர்க்கால மருத்துவப் பயிற்சி: சட்டமும் சேரியும்

வெள்ளத்துக்குச் சாதி தெரியாது என்பது உண்மைதான். ஆனால் எந்தக் குடியிருப்பு தாழ்வான நிலத்தில் அமைந்திருக்கிறது, எந்தத் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் நுழைய முடியாது, பிணங்களை அகற்ற யாரை அழைக்கிறார்கள் என்பவற்றில் சாதிக்குப் பெரும் பங்கு உண்டு. எனவே மருத்துவர்கள், செவிலியர்கள், மருத்துவமனைப் பணியாளர்கள் ஆகியோருக்கு அளிக்கப்படும் பேரிடர்ப் பயிற்சியை உரிமைப் பிரச்சினையாகவும் நாம் அணுக வேண்டியுள்ளது.

நாகப்பட்டினம் தந்த பாடம்

2004 டிசம்பர் 26 அன்று தாக்கிய ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உடல்களை மீட்டுப் புதைக்கும் பணிக்குப் பிற நகராட்சிகளிலிருந்தும் தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தலித்துகள். போதிய கையுறையோ காலணியோ இன்றிப் பலர் வேலை செய்ய நேர்ந்ததையும், நிவாரண முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன.

பிணங்களால் கொள்ளைநோய் பரவும் என்ற அச்சம் அந்த அவசரத்துக்கு ஒரு காரணம். இயற்கைப் பேரிடரில் இறந்தோரின் உடல்களால் பொதுவாகக் கொள்ளைநோய் பரவுவதில்லை என்று, உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் இணைந்து 2006இல் வெளியிட்ட கையேடு தெளிவுபடுத்துகிறது. உடல்களைக் கையாள்வோருக்குக் கையுறையும் காலணியும் அவசியம். ஒவ்வோர் உடலுக்கும் எண் இட்டு, படம் எடுத்து, விவரங்களைப் பதிவு செய்த பின்னரே அடக்கம் செய்ய வேண்டும். அடையாளம் காணாமல் புதைத்தால், குடும்பத்தார் இறப்புச் சான்றிதழுக்கும் இழப்பீட்டுக்கும் அலைய நேரிடும். ஆவணங்கள் குறைவாக உள்ள ஏழைக் குடும்பங்களுக்கே இதில் சுமை அதிகம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆழிப்பேரலைக்குப் பின் இயற்றப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005, பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதையும் திறன் வளர்ப்பின் பகுதியாக வரையறுக்கிறது. பல்வேறு நிலை அலுவலர்களுக்கும் தன்னார்வ மீட்புப் பணியாளர்களுக்கும் பயிற்சி ஏற்பாடு செய்யும் பொறுப்பை 30ஆவது பிரிவு மாவட்ட ஆணையத்திடம் ஒப்படைக்கிறது. எளிதில் பாதிக்கப்படும் பகுதிகளை மாவட்டத் திட்டம் குறிப்பிட வேண்டும் என்கிறது 31ஆவது பிரிவு. நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பாலினம், சாதி, சமூகம், மரபுவழி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்பது 61ஆவது பிரிவு.

பெருந்திரள் காயங்களைக் கையாள்வதற்கான மருத்துவ ஆயத்த வழிகாட்டுதல்களைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2007இல் வெளியிட்டது. 2019 முதல் நடைமுறையில் உள்ள எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் பேரிடர் மேலாண்மை இடம்பெறுகிறது.

சிக்கல் எங்கே என்றால், 61ஆவது பிரிவை மீறுவோருக்கு அச்சட்டத்தில் தனித் தண்டனை கிடையாது. இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அதன் திருத்தம் இரு செயல்களைக் குற்றமாக்கியுள்ளது. ஒன்று, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் மனித அல்லது விலங்குச் சடலங்களைச் சுமக்கவோ அகற்றவோ, புதைகுழி தோண்டவோ வைப்பது. மற்றொன்று, மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம் முதலியவற்றுக்குள் அவர்கள் நுழைவதைத் தடுப்பது. அவசரச் சிகிச்சை அளிப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் (1989) உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது.

பயிற்சியில் இடம்பெற வேண்டியவை

• காயமுற்றோரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு எனத் தீவிரத்தின்படி வகைப்படுத்தும் முறை. மருத்துவத் தேவை ஒன்றே இங்கு அளவுகோல். எந்தத் தெருக்காரர், யாருடைய சிபாரிசு என்ற கேள்விகளுக்கு இதில் இடமில்லை.

• சேரிகளையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் உள்ளடக்கிய வரைபடம். மாற்றுப் பாதை, கர்ப்பிணிகள், முதியோர், டயாலிசிஸ் தேவைப்படுவோர் பற்றிய விவரங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

• தூய்மைப் பணியாளர்கள். உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016இன்படி, கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பயிற்சியும், ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளும் அளிக்கப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் என்ற காரணத்தால் இந்த உரிமை அற்றுப்போவதில்லை.

• மேற்கண்ட சட்டப் பிரிவுகள். முகாமில் பாகுபாட்டைக் காணும் செவிலியர் யாரிடம், எப்படிப் புகார் அளிப்பது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மூன்று கேள்விகளை எழுப்பலாம். மாவட்டப் பேரிடர்த் திட்டம் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது? அதில் எந்தெந்தத் தலித் குடியிருப்புகள் ஆபத்துப் பகுதிகளாகக் குறிக்கப்பட்டுள்ளன? கடந்த ஆண்டு பயிற்சி பெற்ற மருத்துவமனைப் பணியாளர்களில் தூய்மைப் பணியாளர்கள் எத்தனை பேர்? திட்டம் ஆண்டுதோறும் மறுஆய்வு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம் என்பதால், முதல் கேள்விக்குப் பழைய தேதி பதிலாக வந்தால் அதுவே ஒரு சட்ட மீறலுக்கான சான்று. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கல்லூரி மாணவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்த மனுக்களை அளித்தால், கிடைக்கும் பதில்களைக் கொண்டு ஆட்சியரிடம் முறையிடவும், தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்தை அணுகவும் இயலும்.