அப்பா உட்கார்ந்த பலகை



சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டில் ஒரு குழித்தறி இருந்தது. காலையில் குழிக்குள் காலை இறக்கிப் பலகையில் உட்கார்ந்தால், அப்பா எழுவது சாப்பாட்டுக்குத்தான். ஐம்பது வயதுக்கு மேல் அவருக்குப் பிட்டத்தில் எலும்பு ஊன்றும் இடத்தில் வலி வந்தது. உட்கார்ந்தாலே சுள்ளென்று குத்தும், தொடை வரை இறங்கும். நரம்பு வலி என்று நினைத்துப் பல வருடம் தைலம் தேய்த்தோம்.

கடைசியில் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது, "என்ன தொழில் பண்றீங்க ஐயா?"

அந்தக் கேள்விக்கு வயது 300-க்கு மேல். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் தொழிலையும் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர்.

எலும்புக்கும் தசைக்கும் நடுவே உராய்வைக் குறைக்கச் சின்னச் சின்ன நீர்ப்பைகள் இருக்கின்றன. பெயர் பர்சா. ஓயாமல் அழுத்தினால் அது வீங்கும், அதுதான் பர்சைட்டிஸ். பிட்டத்தில் வருவதற்கு ஆங்கில மருத்துவத்தில் 'வீவர்ஸ் பாட்டம்' என்றே பழைய பெயர். நெசவாளியின் பிட்டம்!

நான் சரித்திர வாத்தியார். விசைநாடாவைக் கண்டுபிடித்தவர் ஜான் கே, ஆண்டு 1733 என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தவன். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் முயற்சியில் நம் சேலத்திலேயே அரசு நெசவுச்சாலை நடந்தது. ஒரு நாளைக்கு எத்தனை கஜம் கூடுதலாக நெய்யலாம் என்பதே அன்றைய கவலை. பிறகு பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு எங்கும் விசைத்தறி வந்தது. அங்கே நாளெல்லாம் நிற்க வேண்டும். பாரம் முழங்காலுக்கும் குதிகாலுக்கும் மாறியது. துணியின் வரலாற்றை நடத்திய நான், நெய்தவர் உடம்பைப் பற்றி வகுப்பில் ஒரு வரி சொன்னதில்லை.

டாக்டர் சொன்னது எளிது. கனமான மெத்தை போடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். வலி கூடினால் சில நாள் ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம். வலி மாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள். வீக்கம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

அம்மா பழைய சேலைகளை மடித்துத் தைத்து மெத்தை செய்தார். இரண்டு மாதத்தில் வலி நன்றாகக் குறைந்தது. அப்பா இன்னும் சில வருடம் நெய்தார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மூட்டிலோ இடுப்பிலோ வலி என்றால், வயசாயிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் அவர்கள் செய்த தொழிலைச் சொல்லுங்கள்.