சரகோசாவின் ஐம்பத்து நான்கு வில்லைகள்

ஆறடி நீளம், நாலடி அகலம் உள்ள ஒரு மேசை. அதன்மேல் ஸ்பெயினின் சரகோசா நகரத்தை வைக்க வேண்டும். வடக்கே எப்ரோ நதி, அதன்மேல் ஒரு கல்பாலம், அக்கரையில் அர்ராபல் என்ற புறநகர். நடுவே கோசோ என்னும் பெரிய வீதி. சுற்றிலும் கெட்டிச் சுவர் வைத்த வீடுகள், தேவாலயங்கள், மடாலயங்கள். 1809 ஜனவரி 27 முதல் பிப்ரவரி 20 வரை இந்த நகரத்துக்குள் வீடு வீடாக நடந்த சண்டையை, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பகடை உருட்டி, நாலு மணி நேரத்தில் ஆடி முடிக்கணும். ஒரு வருஷமாக என் வார இறுதிகளைத் தின்றுகொண்டிருப்பது இந்த வேலைதான்.

வார்கேம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நெப்போலியன் காலத்துப் போர்களை ஆட பொதுவான விதிநூல்கள் நிறைய உண்டு. ஒரு பட்டாளம் எவ்வளவு தூரம் நகரும், துப்பாக்கி எவ்வளவு தூரம் சுடும், எப்போது வீரர்கள் மனம் உடைந்து ஓடுவார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு குறிப்பிட்ட போரை ஆட, அதற்கு மேலே ஒரு 'சினாரியோ' எழுத வேண்டும். வரைபடம், இரண்டு பக்கப் படைகள், அந்தப் போருக்கே உரிய சிறப்பு விதிகள், கடைசியாக வெற்றி நிபந்தனை. எங்கள் மென்பொருள் பாஷையில் சொன்னால், விதிநூல் என்பது ஃப்ரேம்வொர்க், சினாரியோ என்பது அதன்மேல் நாம் எழுதும் அப்ளிகேஷன்.

இந்த வம்சாவளி நம் சதுரங்கத்திலிருந்தே வருகிறது. 1780இல் பிரன்ஸ்விக்கைச் சேர்ந்த ஹெல்விக் என்பவர் சதுரங்கப் பலகையை விரித்து, கட்டங்களுக்கு நிலவகைகள் கொடுத்து ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் கட்டங்களையே தூக்கி எறிந்துவிட்டு, உண்மையான ராணுவ வரைபடத்தின்மேல் சிவப்பு, நீலக் கட்டைகளை வைத்தார். இழப்புகளைக் கணக்கிட அட்டவணைகளும் பகடையும். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு நடுவர். எதிராளி எங்கே இருக்கிறான் என்பது நடுவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. பிரஷ்யாவின் தலைமைப் படை அதிகாரி முஃப்லிங் அதைப் பார்த்து அசந்துபோய் ராணுவம் முழுக்கப் பரிந்துரைத்தார். இந்த நடுவரை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், பிறகு தேவைப்படுவார்.

ஆஸ்டர்லிட்ஸ், வாட்டர்லூ மாதிரி திறந்தவெளிப் போர்களுக்கு இந்த விதிநூல்கள் அற்புதமாக ஓடும். குதிரைப்படை வந்தால் காலாட்படை சதுரமாக நிற்கும். சதுரமாக நின்றால் பீரங்கிக்குக் கொண்டாட்டம். பீரங்கியைக் குதிரைப்படை போய் அடிக்கும். சரகோசாவின் சந்துகளில் இது எதுவுமே வேலைக்கு ஆகாது. குதிரைக்கு இடமில்லை, வரிசை கட்ட இடமில்லை, எதிரியே கண்ணில் படமாட்டான். அவன் அடுத்த வீட்டுச் சுவருக்குப் பின்னால் இருக்கிறான். அதனால் சிறப்பு விதிகள்தான் இங்கே முழு விளையாட்டுமே. ஒவ்வொரு சிறப்பு விதியும், இந்தப் போர் எதனால் இப்படி நடந்தது என்று நான் முன்வைக்கும் ஒரு வாதம்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1808 மே மாதம் நெப்போலியனுக்கு எதிராக ஸ்பெயின் கிளர்ந்தபோது சரகோசாவும் எழுந்தது. முப்பது வயதைச் சற்றே தாண்டிய ஹோசே தெ பலாஃபோக்ஸ் தலைவரானார். கோட்டை என்று சொல்லத்தக்க மதில்கூட அந்த ஊருக்குக் கிடையாது. ஜூன் 15 அன்று பிரெஞ்சுப் படை வந்தது, நகர மக்கள் அடித்து விரட்டினார்கள். ஜூலை 2 அன்று போர்த்தியோ வாயிலில் பீரங்கிக்காரர்கள் விழுந்து கிடக்க, அகுஸ்தினா என்ற இளம்பெண் தானே திரியைக் கொளுத்திப் பீரங்கியைச் சுட்டாள். ஆகஸ்ட் 4 அன்று பிரெஞ்சுக்காரர்கள் சாந்தா எங்க்ராசியா மடாலயத்தை உடைத்துக்கொண்டு கோசோ வீதிவரை வந்தும் நகரத்தை வளைக்க முடியவில்லை. தெற்கே பைலேனில் ஒரு பிரெஞ்சுப் படையே சரணடைந்திருந்தது. ஆகஸ்ட் நடுவில் முற்றுகையை விட்டுவிட்டுப் போனார்கள்.

டிசம்பர் 20 அன்று திரும்பி வந்தார்கள். இந்த முறை பெரும்படை, முறையான முற்றுகைப் பீரங்கிகள், சுரங்கம் வெட்டும் பொறியாளர்கள். ஜனவரி 22 அன்று மார்ஷல் லான் தலைமை ஏற்றார். 27 அன்று மதில் பல இடங்களில் உடைந்தது. வழக்கமான முற்றுகையில் கதை அங்கே முடிந்துவிடும். மதில் உடைந்தால் நகரம் சரணடையும், அதுதான் அந்தக் காலத்து நியதி. சரகோசாவில் அங்கேதான் ஆரம்பித்தது. என் சினாரியோவும் அந்த 27ஆம் தேதிதான் தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு நாள் என்று வைத்தால் 12 சுற்று.

வீதியில் இறங்கினால் ஜன்னலிலிருந்தும் கூரையிலிருந்தும் குண்டு வரும். அதனால் லான் வீதியைத் தவிர்த்தார். பொறியாளர்கள் வீட்டின் அடியில் சுரங்கம் தோண்டி, வெடிமருந்து வைத்து, சுவரைத் திறந்து, அந்தத் துளை வழியாக அடுத்த வீட்டுக்குள் நுழைந்தார்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மருந்தை அள்ளி வைத்தால் வீடே தரைமட்டமாகிவிடும். பார்ப்பதற்கு வெற்றி மாதிரி இருக்கும், ஆனால் இனி ஒளிந்து நிற்கச் சுவர் கிடையாது, சுற்றியிருக்கும் வீடுகளிலிருந்து சுட்டுத் தள்ளுவார்கள். சுவர் மட்டும் பிளந்து கூரை நிற்கிற அளவுக்கு மருந்தைக் குறைத்து வைக்க அவர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். ஸ்பானியர்கள் பதிலுக்கு, கைவிட வேண்டிய வீட்டில் கீலும் குங்கிலியமும் பூசித் தீ வைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். தீ அணையும்வரை அதுவே மதில்.

இதை விதியாக்குவது சுலபம், சந்தோஷமான வேலையும்கூட. ஒவ்வொரு கட்டடத் தொகுதிக்கும் மூன்று நிலை: முழுசு, பிளந்தது, இடிந்தது. சுரங்கம் வைக்கும் பிரெஞ்சு ஆட்டக்காரர் ஒன்றோ இரண்டோ மூன்றோ பகடையைத் தேர்ந்தெடுக்கலாம். கூட்டுத்தொகை 3 வரை வந்தால் ஒன்றும் ஆகாது, 4 முதல் 8 வரை சுவர் பிளக்கும், 9க்கு மேல் வீடு இடியும். ஒரு பகடை என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டு என்றால் 64 சதவீதம் நினைத்தபடி பிளக்கும், 28 சதவீதம் இடிந்து தொலையும். மூன்று பகடை உருட்டும் ஆசாமிக்கு 74 சதவீதம் இடிபாடுதான் கிடைக்கும். ஆடிப் பார்த்த நண்பர்கள் எல்லோருமே முதல் ஆட்டத்தில் மூன்று பகடை எடுத்தார்கள். இரண்டாம் ஆட்டத்தில் ஒருத்தரும் எடுக்கவில்லை. 1809இன் பொறியாளர்கள் கற்றதை மேசையே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் நல்ல விளையாட்டு கிடைத்திருக்கும். சிக்கல் எண்களில் இருக்கிறது. இரண்டாம் முற்றுகையில் நகரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 54,000 பேர். இதில் சண்டையில் இறந்தவர்கள் ஏறக்குறைய 6,000. மிச்சம் 48,000 பேரைக் கொன்றது காய்ச்சல். டைஃபஸ். குண்டும் சுரங்கமும் பற்றி எவ்வளவு நுட்பமாக விதி எழுதினாலும், அது ஒன்பதில் ஒரு பங்குச் சாவைப் பற்றிய விதிதான்.

காய்ச்சல் ஏன் அப்படிப் பரவியது? 1808 நவம்பர் 23 அன்று துதேலா என்ற இடத்தில் ஸ்பானியப் படை தோற்றது. தோற்றவர்களில் பெரும்பகுதி ஓடிவந்து சரகோசாவுக்குள் புகுந்தது. பலாஃபோக்ஸ் அவர்களை வரவேற்றார். சுற்றுப்புறக் கிராமத்து விவசாயிகளும் உள்ளே வந்தார்கள். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள், அவர்களோடு நகரத்தின் சொந்த ஜனம். குண்டுமழைக்குப் பயந்து எல்லோரும் நிலவறைகளில் ஒண்டினார்கள். குளிர்காலம், மாற்றுத்துணி இல்லை, காற்று இல்லை. டைஃபஸ் பேன் மூலம் பரவுகிறது என்று ஷார்ல் நிக்கோல் கண்டறிந்தது 1909இல். சரியாக நூறு வருஷம் கழித்து.

எந்தப் போர் விளையாட்டிலும் ஆள்பலம் என்பது நல்ல விஷயம். கூடுதல் படை கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லும் ஆட்டக்காரரை நான் பார்த்ததில்லை. சரகோசாவில் அந்தக் கூட்டல் குறியே கழித்தல் குறியாக மாறியது. அதனால் என் சினாரியோவில் ஆட்டம் தொடங்கும் முன்னால் ஸ்பானிய ஆட்டக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: துதேலாவிலிருந்து வரும் படைகளில் எத்தனையை உள்ளே விடப்போகிறீர்கள்? அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இருக்கும் அலகுகளை, கையில் மிச்சமிருக்கும் கட்டடத் தொகுதிகளால் வகுத்தால் வருவது நெரிசல் எண். அத்தனை காய்ச்சல் பகடைகள். வீடுகள் கைவிட்டுப் போகப் போக வகுக்கும் எண் சிறுக்கிறது, நெரிசல் ஏறுகிறது. எதிரி ஒரு வீட்டைப் பிடித்தால் அந்தச் சேதம் அந்த வீட்டோடு நிற்பதில்லை.

ஆனால் இன்றைய ஆட்டக்காரருக்குப் பேன் பற்றித் தெரியும். விதியைப் படித்ததும் பாதிப் படையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். பலாஃபோக்ஸுக்கு அந்த அறிவு கிடையாது. இங்கேதான் ரைஸ்விட்ஸின் நடுவர் திரும்பி வருகிறார். நெரிசல் விதி நடுவரின் தாளில் மட்டும் இருக்கும். காய்ச்சல் பகடையைத் திரைக்குப் பின்னால் அவரே உருட்டுவார். ஸ்பானிய ஆட்டக்காரருக்குத் தெரிவது ஒன்றுதான்: சுற்று ஆரம்பிக்கும்போது போன சுற்றில் இருந்த ஒரு பட்டாளம் இன்று இல்லை. சண்டையே நடக்காத தெருவில். ஒரு நண்பன் ஐந்தாம் சுற்றில் என்னைப் பார்த்துக் கேட்டான்: "டேய், என் ஆளுங்க எங்கடா போறாங்க?" நடுவராக இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை.

அடுத்தது சரணாகதி. ஒரு நியாயமான ஆட்டக்காரர் ஆறாம் சுற்றிலேயே கையைத் தூக்கிவிடுவார். நிஜத்தில் சரகோசாவில் சரணடைவது பற்றிப் பேசுவதே துரோகமாகப் பார்க்கப்பட்டது. முதல் முற்றுகையின் வெற்றிதான் இரண்டாவதில் அவர்கள் காலைக் கட்டிய சங்கிலி என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருமுறை விரட்டியவர்கள் இன்னொருமுறையும் விரட்ட முடியும் என்று நம்பத்தானே செய்வார்கள்? கடைசியில் அந்தப் பேச்சைச் சாத்தியமாக்கியதும் காய்ச்சல்தான். பலாஃபோக்ஸே அதில் விழுந்தார். பிப்ரவரி 18 அன்று அர்ராபல் வீழ்ந்தது. அவர் பொறுப்பை ஒரு குழுவிடம் விட்டார். பெத்ரோ மரியா ரிக் தலைமையில் அந்தக் குழு 20 அன்று சரணடைந்தது. என் விதி: தலைவருக்குக் காய்ச்சல் வரும்வரை ஸ்பானிய ஆட்டக்காரர் சரணடையக் கூடாது. ஆடியவர்கள் இதைப் பற்றித்தான் அதிகம் சண்டை போட்டார்கள். "ஆட்டக்காரன் கையைக் கட்டிட்டு அப்புறம் என்ன ஆட்டம்?" நியாயமான கேள்விதான். ஆனால் நான் கட்டியது பலாஃபோக்ஸின் கையை. அதைக் கட்டியிருந்தது அவர் ஊர்.

வெற்றி நிபந்தனைக்கு வருவோம். எத்தனை நாள் தாக்குப்பிடித்தார்கள் என்பதற்குப் புள்ளி கொடுத்தால், இறந்த ஜனத்தின் விலை பூஜ்ஜியம் என்று என் விதி சொல்லும். இறந்தவர்களுக்குப் புள்ளியைக் கழித்தால் இன்னும் மோசம். ஆட்டக்காரர் கணக்குப் போட ஆரம்பிப்பார்: மூவாயிரம் பேர் போனால் என்ன, கோசோவின் கிழக்குப் பக்கத்தைக் காப்பாற்றினால் லாபம்தானே? டாஷ்போர்டில் ஒரு எண்ணை வைத்தால் எல்லோரும் அந்த எண்ணுக்காகவே வேலை செய்வார்கள் என்பது எங்கள் தொழிலில் தினமும் பார்ப்பது.

இந்த இடத்தில் எனக்கு உதவியவர் கோயா. பக்கத்து ஊர்க்காரர். முதல் முற்றுகை முடிந்ததும், 1808 இலையுதிர்காலத்தில், பலாஃபோக்ஸின் அழைப்பில் சரகோசாவுக்கு வந்து இடிபாடுகளைப் பார்த்தவர். 'போரின் பேரழிவுகள்' என்ற அவருடைய செதுக்கோவிய வரிசை அவர் இறந்து பல வருஷம் கழித்து, 1863இல்தான் வெளியானது. அதன் ஏழாம் படத்தில் பீரங்கிக்குப் பக்கத்தில் அகுஸ்தினா நிற்கிறாள். முதுகைக் காட்டி நிற்பதால் முகம் தெரியாது. காலுக்குக் கீழே பிணங்கள். அவள் அவற்றின்மேல் ஏறித்தான் நிற்கிறாள். வீரத்தைக் கோயா குறைத்துக் காட்டவில்லை, அது எதன்மேல் நிற்கிறது என்பதையும் சேர்த்து வரைந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அதனால் இரண்டு கணக்கு வைத்திருக்கிறேன். முதல் கணக்கு வழக்கமானது: பிரெஞ்சுக்காரருக்குப் பிடித்த தொகுதிகளும் குறைந்த இழப்பும், ஸ்பானியருக்கு நாட்கள். அதில் ஒருத்தர் ஜெயிப்பார். இரண்டாவது கணக்கில் புள்ளியே கிடையாது. பெட்டியில் 54 வில்லைகள் இருக்கும், ஒன்றுக்கு ஆயிரம் பேர். 6 சிவப்பு, 48 சாம்பல் நிறம். திரைக்குப் பின்னால் நடுவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டே வருவார். வெற்றி அறிவித்த பிறகு திரையை எடுத்து, நெரிசல் விதி எழுதிய தாளையும் கிண்ணத்தையும் மேசையில் வைப்பார். இரண்டு ஆட்டக்காரர்களும் சேர்ந்து, ஒவ்வொன்றாக, எந்தத் தொகுதியில் யார் இறந்தார்களோ அங்கே திரும்ப வைக்க வேண்டும். விதிநூலில் இதற்குப் பதினைந்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறேன்.

இதுவரை ஐந்து முறை ஆடியாயிற்று. ஒருமுறை 31 வில்லை, ஒருமுறை 47. 54ஐ இன்னும் யாரும் தொடவில்லை. ஜெயித்தவர், தோற்றவர் இருவருமே கடைசிப் பதினைந்து நிமிஷத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எந்தச் சுற்றில் என்ன செய்திருந்தால் இது குறைந்திருக்கும்? தாளைப் புரட்டி, பின்னோக்கிப் போய், சுரங்கங்களையும் தீயையும் தாண்டி, அநேகமாக எல்லோரும் வந்து நிற்பது ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் கேட்ட அந்த முதல் கேள்வியில். வாசல் கதவைத் திறந்துவிட்டு, வந்தவர்கள் அத்தனை பேரையும் உள்ளே வாங்க என்று கூப்பிட்ட இடத்தில்.