பழைய மென்பொருளைச் செயற்கை நுண்ணறிவு மாற்றி எழுதலாமா? தவறு நடந்தால் யார் பொறுப்பு?

கைத்தொலைபேசிச் செயலியில் பணம் அனுப்புகிறீர்கள். செயலி புதுசு. ஆனால் பல வங்கிகளில் அதற்குப் பின்னால் கணக்குப் போடும் மென்பொருள் உங்களைவிட வயதில் மூத்ததாக இருக்கலாம்!

அத்தகைய மென்பொருள் பலவும் கோபோல் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டவை. அதை உருவாக்கும் பணி தொடங்கியது 1959இல்.

இன்னும் ஏன் மாற்றவில்லை?

நன்றாக ஓடுகிறது, அதான் முதல் காரணம். கைவைக்கப் பயம் என்பது அடுத்த காரணம்.

எழுதியவர்கள் பலர் ஓய்வுபெற்றுவிட்டனர். பல ஆண்டுகளாகச் சேர்ந்த வட்டி, கட்டண விதிமுறைகள் சில வேளைகளில் நிரலுக்குள் மட்டுமே இருக்கின்றன.

2020 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வேலையிழந்தோரின் உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்தன. பழைய கணினிக் கட்டமைப்பு திணறியது. கோபோல் தெரிந்த தொண்டூழியர்கள் தேவை என்று மாநில ஆளுநரே கேட்டுக்கொண்டார்.

செயற்கை நுண்ணறிவு என்ன செய்கிறது?

* பழைய நிரலைப் படித்து விளக்குகிறது
* ஜாவா போன்ற மொழிக்கு மாற்றுகிறது
* சோதனைகளையும் எழுதித் தருகிறது

ஐபிஎம் நிறுவனம் கோபோலை ஜாவாவுக்கு மாற்ற உதவும் கருவியை 2023 ஆகஸ்ட்டில் அறிவித்தது.

சிக்கல் எங்கே?

வட்டி 10.678 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். தனியாகக் கட்டளை இடாவிட்டால் கோபோல் அதை 10.67 என்று வெட்டிவிடும். புதிய நிரல் அதையே 10.68 ஆக்கலாம். ஒரு காசுதானே? பல்லாயிரம் கணக்குகளில் மாதந்தோறும் நடந்தால்?

அதனால்தான் பழையதையும் புதியதையும் சில காலம் ஒன்றாக ஓட்டி முடிவுகளை ஒப்பிடுவது வழக்கம்.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018இல் புதிய கட்டமைப்புக்கு மாறியபோது வாடிக்கையாளர்கள் பலரால் கணக்கைத் திறக்க முடியவில்லை. வங்கிக்கு 48.65 மில்லியன் பவுண்டு அபராதம். தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவருக்கும் தனியாக அபராதம். கட்டமைப்பை மாற்றுவது எவ்வளவு சிரமம், யார் பதில் சொல்லவேண்டும் என்பதை அது காட்டியது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. ஒருவரின் கடன் தகுதியை மதிப்பிடும் செயற்கை நுண்ணறிவை அது அதிக அபாயமுள்ளதாக வகைப்படுத்துகிறது.

ஆனால் செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த வட்டிக் கணக்கு நிரல்? எழுதி முடித்தபின் அது சாதாரண மென்பொருள்தான். இடைவெளி அங்கேதான்.

சிங்கப்பூரில் செயற்கை நுண்ணறிவுக்கென ஒட்டுமொத்தச் சட்டம் இல்லை. 2019இல் வெளியான மாதிரிக் கட்டமைப்பு வழிகாட்டுகிறது, கட்டாயப்படுத்தவில்லை. வங்கிகளின் தொழில்நுட்ப அபாயங்களைச் சிங்கப்பூர் நாணய ஆணையம் கண்காணிக்கிறது.

விவாதம் என்ன?

இருக்கும் விதிமுறைகளே போதும் என்கிறது ஒரு தரப்பு. நிரலை யார் எழுதினால் என்ன, பொறுப்பு வங்கிக்குத்தான் என்பது அதன் வாதம்.

இயந்திரம் எழுதும் வேகத்துக்கு மனிதர்களால் சரிபார்க்க முடியாது என்கிறது மறுதரப்பு. எந்தப் பகுதியை இயந்திரம் எழுதியது, யார் சரிபார்த்தார் என்ற பதிவு கட்டாயமாக வேண்டும் என்று அது கேட்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

கட்டமைப்பை மேம்படுத்தப்போவதாக வங்கி அறிவித்தால் அதற்கு முந்தைய கணக்கு அறிக்கையைச் சேமித்து வையுங்கள். மாற்றத்துக்குப் பின் இருப்புத்தொகை, வட்டி, ஜைரோ கட்டணங்கள் சரியா என்று ஒப்பிடுங்கள். ஒரு காசு குறைந்தாலும் கேளுங்கள். பதில் சொல்லவேண்டியது கணினி அல்ல, வங்கி.