மிளகு முன்பேரமும் நிரல்மொழியின் ‘ஃபியூச்சரும்’

தேவராவிலிருந்து பாலங்களைக் கடந்தால் மட்டாஞ்சேரி. 1957 முதல் அங்கு மிளகில் முன்பேர வணிகம் நடந்தது, ஆங்கிலத்தில் ‘ஃபியூச்சர்ஸ்’. கைக்கு வராத சரக்கு இன்றே கைமாறும்.

1977இல் ஹென்றி பேக்கரும் கார்ல் ஹியூவிட்டும் இதே சொல்லைக் கணினியியலில் ஆண்டனர். ஒரு கணக்கீடு தனியே நடந்துகொண்டிருக்க, அதன் விடை வருமுன்பே நிரல் அதனைக் கைமாற்றலாம். மதிப்பு இன்றியமையாதபோது மட்டும் காத்திருக்கும். 1985இல் ராபர்ட் ஹால்ஸ்டெட் வெளியிட்ட மல்டிலிஸ்ப் ஆய்வு இதனை இணைநிலை நிரலாக்கத்தின் அடிப்படையாக்கியது. எனினும் அம்மொழி மாறிகளின் மதிப்பை மாற்ற இடமளித்ததால், எது முந்தும் என்னும் கவலை எஞ்சியது. தூய சார்புமொழியில் அக்கவலை இல்லை. எவ்வரிசையில் கணித்தாலும் விடை ஒன்றே.

மிளகின் விலை நாளை மாறும். சார்பின் விடை மாறாது. ஆகவே தமிழில் இதற்கு ‘முன்பேரம்’ பொருந்தாது. ‘எதிர்காலம்’ காலத்தை மட்டுமே சுட்டும். ‘வருமதிப்பு’ எனலாம் என்பது என் துணிபு.