துறை எழுதப்படாத பிரிவு

முறிந்துபோன உறவைப் பற்றிய நவீன கவிதை ஒன்றை வகுப்பில் எப்படி நடத்துவது? இப்படிக் கேட்டவர் லவ்டேலில் வசிக்கும் ஆசிரிய நண்பர். நான் ஆசிரியனல்ல, பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தா வேலை பார்ப்பவன். ஆனால் இக்கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் தமிழின் பங்கு பேசப்படுவதில்லை.

நம் கல்லூரிகளில் ஆங்கிலக் கவிதை நெடுங்காலம் பொழிப்புரையாகவே கற்பிக்கப்பட்டது. ஆசிரியர் சொல்வதை மாணவன் எழுதிக்கொண்டு பரீட்சையில் திருப்பித் தந்தான். இம்முறைக்கு எதிரான பெரிய அடி கேம்பிரிட்ஜில் விழுந்தது. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர் பெயரை மறைத்து மாணவர்களிடம் கவிதைகளைக் கொடுத்தார். அவற்றில் 13 கவிதைகளையும் மாணவர்கள் எழுதித் தந்த அபிப்பிராயங்களையும் வைத்து 1929இல் 'ப்ராக்டிகல் கிரிட்டிசிசம்' நூலை வெளியிட்டார். படித்தவர்களுக்கே கவிதை படிக்கத் தெரியவில்லை என்பது அம்பலமாயிற்று.

அரை நூற்றாண்டு கழித்து, 1979 முதல் 1984 வரை, என்.எஸ். பிரபுவின் பெங்களூர்த் திட்டம் தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் வேறொன்றைச் சோதித்தது. இலக்கணத்தை நேராகப் போதிக்காமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்து மாணவனை யோசிக்க வைத்தது. கவிதை வகுப்புக்கும் செயல்கள் வந்தன: விடுபட்ட சொல்லை ஊகிப்பது, கலைத்த வரிகளை அடுக்குவது. ஆலன் மேலி, ஆலன் டஃப் எழுதிய 'தி இன்வர்ட் இயர்' (1989) அவ்வகைக் கைநூல்களில் ஒன்று.

இவை முழுக்க மேற்கத்தியப் புதுமை என்று நினைப்பவர்கள் குறுந்தொகையைத் திறந்து பார்க்கலாம். 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனும் 1937இல் உ.வே. சாமிநாதையரும் பதிப்பித்த நூல். ஒவ்வொரு பாட்டோடும் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது: யார், யாரிடம், எந்நிலையில் சொன்னது என்று. இவை கவிஞர்கள் எழுதியவை அல்ல. தொகுத்தவர்களோ பின்வந்தவர்களோ சேர்த்தவை. அதாவது, ஒரு வாசகன் பாட்டின் குரலைக் கேட்டு ஊகித்து எழுதிய விடை. அக்குறிப்பை மறைத்துவிட்டு மாணவர்களையே எழுதச் சொன்னால், இதைவிட நல்ல பயிற்சி எந்தக் கைநூலிலும் இராது.

நவீன கவிதைக்கும் இதையே செய்யலாம் என்று நண்பரிடம் சொன்னேன். யார் பேசுவது, யாரிடம் என்பது வரை மாணவன் எழுதிவிடுவான். துறை என்ன என்ற இடத்தில் நின்றுபோவான். ஏனெனில் பாலையின் பிரிவு திரும்பி வருவதற்கான பிரிவு. பொருள் தேடப் போனவன் வருவான் என்பதே அதன் ஆதாரம். லவ்டேல் விடுதி மாணவனுக்குத் தெரிந்த பிரிவும், விடுமுறைத் தேதி போட்ட பிரிவுதான். மருதத்தில் பரத்தையிடம் போனவனும் வாசலில் வந்து நிற்பான். மீளாப் பிரிவுக்குத் தொல்காப்பியம் இடம் தருவது சாவில்: தபுதார நிலை, தாபத நிலை. அவையும் புறத்தில், காஞ்சியில். இருவரும் உயிரோடிருக்க, இனி ஒன்றுமில்லை என்ற நிலைக்கு ஐந்திணையில் இடமில்லை.

ஒரு விளிம்பு உதாரணம் உண்டு. மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியை நாடிய மலைநாட்டுத் தலைவன் பேகனை நோக்கிக் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வர் பாடிய ஐந்து பாட்டுகள் (புறநானூறு 143-147). தொகுத்தவர்கள் இவற்றைப் பெருந்திணை என்று ஒதுக்கினார்கள். புலவர்கள் கேட்கும் பரிசில் பொன்னல்ல. அவன் அவளிடம் போகவேண்டும் என்பது. ஆனால் பரணர் பாட்டொன்றில் (144) கண்ணகி பேசுகிறாள். நீ பேகனுக்கு உறவா என்று கேட்டவர்களுக்கு, இல்லை என்கிறாள். நால்வரின் மன்றாடலைவிட அந்த 'இல்லை' எனக்கு முக்கியமாகப் படுகிறது. நவீன கவிதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆகவேதான் 'இருவரையும் சேர்த்துவைத்து ஒரு கடிதம் எழுது' என்ற வகைச் செயலை நான் எதிர்க்கிறேன். அது புலவர்களின் தூது வேலையை மாணவன் தலையில் கட்டுவது. கவிதை மறுத்துவிட்ட சமாதானத்தை வகுப்பறை கள்ளத்தனமாக உள்ளே கொண்டுவருகிறது. மாணவனின் சொந்தக் கதையைக் கேட்பதும் வேண்டாம், அது அவனுடையது.

துறைக்குறிப்பு இல்லாத கவிதையைப் படிக்கும் பழக்கத்தைத் தமிழில் உண்டாக்கியவை வகுப்பறைகளல்ல, சிறுபத்திரிகைகள். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' முதல், எண்பதுகளில் இதே ஊட்டியிலிருந்து பிரம்மராஜன் கொண்டுவந்த 'மீட்சி' வரை. அவற்றின் மேல் விழுந்த 'புரியவில்லை' என்ற புகாரில் பாதி, துறை எங்கே என்ற கேள்விதான்.

நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவே. மாணவர்கள் துறை எழுதட்டும். எழுத முடியாத இடத்தில் நிற்கட்டும். ஏன் முடியவில்லை என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் அந்தப் பக்கத்துக்குப் போடுங்கள்.