நெஞ்சுவலியும் நோயாளியின் சொல்லும்

மார்பு வலியோடு வருபவரிடம் மருத்துவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "நடந்தால் வலிக்கிறதா, நின்றால் குறைகிறதா?" என்பது. இக்கேள்வியின் வரலாறு 250 ஆண்டுகளுக்கும் முற்பட்டது.

1768இல் லண்டனில் உள்ள ராயல் மருத்துவர் கல்லூரியில் வில்லியம் ஹெபர்டன் ஒரு கட்டுரை வாசித்தார். அது 1772இல் அச்சானது. நடக்கும்போது, குறிப்பாக மேடு ஏறும்போதும் உணவுக்குப் பின்னரும், மார்பை இறுக்கும் வலி வருகிறது. நின்றதும் அது மறைகிறது என்று அதில் விவரித்தார். தொடக்கத்தில் மூச்சுத் திணறல் இருப்பதில்லை என்று கூறி, இதை அதிலிருந்து வேறுபடுத்தினார். 'ஆஞ்சைனா பெக்டோரிஸ்' என்று பெயரும் இட்டார்.

அன்று ஸ்டெதாஸ்கோப் இல்லை; லென்னெக் அதை உருவாக்கியது 1816இல். இ.சி.ஜி.யும் இல்லை. இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளின் அடைப்பே காரணம் என்பதை ஹெபர்டன் அறியவில்லை. ஆயினும் நோயாளிகள் சொன்னதைக் கவனமாகக் கேட்டே நோயை இனம் கண்டார்.

1962இல் ஜெஃப்ரி ரோஸ் வெளியிட்ட வினாப்பட்டியலும் இதே அடிப்படையில் அமைந்தது: வலி எப்போது வருகிறது, எங்கே வருகிறது, நின்றால் எவ்வளவு நேரத்தில் போகிறது?

ஓய்வாக இருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி. இந்நோயிலும் இயல்பாக இருக்கக்கூடும். அப்போது நோயைக் காட்டிக்கொடுப்பது நோயாளியின் சொல்லே. அதனால்தான் கருவிகள் பெருகிய பின்னும் இக்கேள்வி நிலைத்திருக்கிறது.