குரோட்டன் அரிய செடியாக இருந்த காலம்

நகராட்சிப் பூங்காவின் வேலியோரத்திலும், ரயில் நிலையத்துப் பாத்திகளிலும், கலெக்டர் கச்சேரியின் முகப்பிலும், சுண்ணாம்படித்த செங்கல் வரிசைக்கு உள்ளே பள்ளிக்கூட வாசலிலும் குரோட்டன்ஸைக் கண்டு பழகிய நமக்கு, அந்தச் செடி ஒரு காலத்தில் இங்கிலாந்துச் சீமான்களின் கண்ணாடி வீடுகளில், நிலக்கரி எரித்து உண்டாக்கிய உஷ்ணத்தில், தோட்டக்காரர்களின் அல்லும் பகலுமான பராமரிப்பில் வாழ்ந்தது என்று சொன்னால் நம்புவது சற்றுச் சிரமமாகவே இருக்கும். பூவுக்காக அன்றி இலைக்காகவே ஒரு செடியை விரும்புவதும், அதன் ரகத்தை ஆராய்ந்து பெயரறிவதும், அதை வீட்டில் வைத்துக் காப்பதுமாகிய வழக்கம் எவ்வாறு வளர்ந்தது என்பதை அறிய விரும்புவோருக்குக் குரோட்டனின் சரித்திரத்தைவிடத் தகுந்த உதாரணம் கிடைப்பது அரிது.

இச்செடியின் தாயகம் மலேயத் தீவுக்கூட்டத்தின் கிழக்குப் பகுதியும், ஆஸ்திரேலியாவின் வடகோடியும், அவற்றை அடுத்த பசிபிக் தீவுகளுமாகும். அங்கே அது அபூர்வப் பொருளன்று; வேலிக்கும் முற்றத்துக்கும் உரிய செடி; ஜாவாவிலோ ‘புரிங்’ என்ற பெயரோடு இடுகாடுகளில் நடப்பட்டு வந்தது. கிராம்புக்குப் பேர்போன அம்போன் தீவில் டச்சுக் கம்பெனியின் உத்தியோகஸ்தராக இருந்த ஜார்ஜ் எபர்ஹார்ட் ரும்பியஸ் என்ற ஜெர்மானியர், அத்தீவின் தாவரங்களோடு இதனையும் விரிவாக வருணித்தார். 1670-இல் பார்வையை இழந்து, 1674-இல் பூகம்பத்தில் மனைவியையும் மகளையும் பறிகொடுத்து, 1687-இல் சித்திரங்களைத் தீக்கு இரையாகக் கொடுத்து, 1692-இல் தம் கையெழுத்துப் பிரதியை ஏற்றிச்சென்ற கப்பலைப் பிரெஞ்சுக்காரர் மூழ்கடித்த செய்தியையும் கேட்ட பின்னும் தளராமல், கைவசம் எஞ்சிய நகலைக் கொண்டு வேலையை முடித்த அம்மனிதர் 1702-இல் காலமானார். அவருடைய ‘ஹெர்பேரியம் அம்பொயினென்சே’ 1741-ஆம் ஆண்டு முதல்தான் அச்சேறத் தொடங்கியது. இலையின் வர்ணமே பெருமையாகக் கொண்ட ஒரு செடி, கண்ணொளி இழந்த ஒருவரின் நூல் வழியாகப் பண்டிதர்களுக்கு அறிமுகமாயிற்று.

1753-இல் லின்னேயஸ் இதனைக் குரோட்டன் என்ற பேரினத்தில் சேர்த்தார். நம் சித்த வைத்தியர்கள் பேதிக்குக் கொடுக்கும் நேர்வாளமும் அப்பேரினத்தைச் சேர்ந்ததே. பின்வந்த சாஸ்திரிகள் இரண்டுக்கும் உள்ள பேதங்களைக் கண்டு, அலங்காரச் செடியைக் கோடியேயம் என்று தனியே பிரித்துவிட்டார்கள். ஆயினும் வியாபாரிகள் பழைய பெயரை விடவில்லை.

நூலில் ஏறிய செடி வீட்டில் ஏறுவதற்கு வேறோர் உபாயம் வேண்டியிருந்தது. உப்புக்காற்றிலும் வெயிலிலும் பல மாதம் கப்பலின் மேல்தளத்தில் கிடந்து, மாலுமிகள் மனம்வந்தபோது ஊற்றும் தண்ணீரை நம்பிப் பிரயாணம் செய்த செடிகளில் பெரும்பாலானவை வழியிலேயே மடிந்தன. லண்டனில் நதானியேல் பேக்ஷா வார்ட் என்ற வைத்தியர், 1829-இல், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் வைத்திருந்தபோது, தம் தோட்டத்துப் புகைக்காற்றில் பிழைக்க மறுத்த பெரணிச்செடி அக்குப்பிக்குள் தானாகவே முளைத்திருப்பதைக் கண்டார். பகலில் ஆவியாகும் ஈரம் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்புவதால், உள்ளிருக்கும் செடிக்கு வெளித்தண்ணீர் ஏறக்குறையத் தேவையே இல்லை என்பதே அதன் சூக்ஷ்மம். 1833-இல் அவர் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளைச் சிட்னிக்கு அனுப்பிப் பரீட்சித்தார். செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. ஆஸ்திரேலியச் செடிகள் அதே பெட்டிகளில் திரும்பி வந்தன. நீலகிரிக்குச் சின்கோனா வந்ததும், 1876-இல் இலங்கைக்கு ரப்பர் நாற்றுக்கள் வந்ததும் இந்தப் பெட்டியின் உபகாரமே என்பதை நினைத்தால், அது வெறும் வரவேற்பறை அலங்காரமன்று, தேசங்களின் விதியை மாற்றிய சாதனம் என்பது விளங்கும்.

1845-இல் பிரிட்டிஷ் சர்க்கார் கண்ணாடி மீதிருந்த வரியை நீக்கியதும் கண்ணாடி மலிந்தது. மத்தியதர வர்க்கத்தினரும் சிறு கண்ணாடி வீடு கட்டிக்கொள்ளத் துணிந்தனர். செடி வியாபாரிகளுக்குள் போட்டி மூண்டது. லண்டன் செல்சியில் கடை வைத்திருந்த வீச் குடும்பத்து இளைஞர் ஜான் கோல்டு வீச், 1864-இல் ஆஸ்திரேலியாவுக்கும் தென்கடல் தீவுகளுக்கும் புறப்பட்டு, ஈராண்டுக்குள் குரோட்டன் ரகங்கள் பலவற்றைக் கொண்டுவந்து சேர்த்தார். க்ஷயரோகம் பீடித்து 1870-இல், 31-ஆம் வயதில் அவர் மறைந்தாரெனினும், அவர் மூட்டிய மோகம் மறையவில்லை. புதிய ரகங்கள் கண்காட்சிகளில் அணிவகுத்தன; பிரதம மந்திரி டிஸ்ரேலியின் பெயர்கூட ஒரு குரோட்டனுக்குச் சூட்டப்பட்டது.

இங்கேதான் இனமறியும் சிக்கல் ஆரம்பமாயிற்று. ஒரே இனத்தைச் சேர்ந்த இச்செடியில் நூற்றுக்கணக்கான ரகங்கள் உண்டு. விதையிலிருந்து எழுந்த கன்று தாயைப்போல இருப்பதில்லை. நன்றாக வளர்ந்த செடியிலும் ஒரு கிளை மட்டும் திடீரென்று வேறு வர்ணத்தில் தளிர்ப்பதுண்டு. பச்சையும் மஞ்சளுமாகத் துளிர்க்கும் இலை முதிரமுதிரச் சிவந்து போவதும், வெயிலில் ஜொலித்தது நிழலில் வெறும் பச்சையாகிவிடுவதும் சகஜம். எனவே வர்ணத்தை நம்பிப் பெயரிட்டவர்கள் ஒரே செடிக்கு இரண்டு பெயரும், இரண்டு செடிகளுக்கு ஒரே பெயரும் வைத்தார்கள். அனுபவசாலிகள் முதலில் இலையின் வடிவத்தையே பார்ப்பார்கள்: முட்டை வடிவமா, மூன்று கிளையாகப் பிரிந்ததா, நாடாப்போல நீண்டதா, முறுக்கிக்கொண்டதா, அல்லது நடுவே தகடு அற்று நரம்பு மட்டும் தொடர்ந்து நுனியில் மீண்டும் இலையாக விரிவதா என்பது ஏறக்குறைய மாறாத லக்ஷணம். அதற்குப் பிறகே நடுநரம்பின் நிறமும் புள்ளிகளின் அமைப்பும் கணக்குக்கு வரும். நம் ஊரில் வர்ண இலை உடைய எதனையும் குரோட்டன்ஸ் என்று சொல்லிவிடும் வழக்கம் உண்டு. அவ்வாறு மயங்கப்படும் அகலிபா என்ற அலங்காரச் செடியின் இலை மெலிந்து ஓரத்தில் பல் வெட்டியிருக்கும், குரோட்டனின் இலையோ தோல்போலத் தடித்து, ஓரம் பல்லின்றி வழவழப்பாயிருக்கும் என்ற ஒன்றை மனத்தில் கொண்டால் இந்த மயக்கம் தீரும்.

லண்டன் தோட்டக்காரர்கள் கொதிநீர்க் குழாய்களால் அரும்பாடுபட்டு உண்டாக்கிய சீதோஷ்ணம் நமக்கு இயற்கை இனாமாகக் கொடுத்தது. செம்மண்ணும் மணலும் மட்கிய இலையுரமும் கலந்து, அடியில் நீர் வடியத் துளையிட்ட தொட்டியில் வைத்து, காலை வெயில் படும் இடத்தில் நிறுத்தி, மேல்மண் உலர்ந்ததும் தண்ணீர் விட்டால் போதும். இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு இலையுதிர்ப்பதும், இலைக்கணுக்களில் மாவுப்பூச்சி அடைவதும் இதன் சுபாவம். முன்னதற்குப் பொறுமையும், பின்னதற்கு ஈரத்துணியும் சோப்புத் தண்ணீரும் மருந்து. கன்று எடுக்கப் பதியன் போடுவதே நிச்சயமான வழி: பென்சில் கனமுள்ள கிளையில் ஓர் அங்குல அளவு பட்டையை வளையமாகச் சீவி, ஒட்டும் சாற்றைத் துடைத்து, நனைத்த தேங்காய் நாரைச் சுற்றி, பாலிதீன் தாளால் இறுகக் கட்டிவிட்டால், சில வாரங்களில் நாருக்குள் வெள்ளை வேர் ஓடத் தொடங்கும், வேர் திரண்டதும் கட்டுக்குக் கீழே வெட்டித் தொட்டியில் நட வேண்டியதுதான்.

இந்தக் கத்தியே குரோட்டனின் விலையைச் சரித்தது. ஒரு செடி பத்தாகி, பத்து நூறாகிப் பெருகியபோது, செல்சியில் பொன் கொடுத்து வாங்கிய பொருள் உஷ்ணதேசங்களின் வேலிக்கு மீண்டும் வந்து சேர்ந்தது. ஆகவே அருமை என்பது செடியில் உறைந்திருந்த குணமன்று; தூரமும் கண்ணாடியும் வியாபாரியின் சாமர்த்தியமும் கூடி, அடுத்தவர் கன்று எடுக்கும்வரை அதன்மேல் போர்த்தி வைத்த ஆடை அது. 2021-இல் நியூசிலாந்தில், வெள்ளையோடிய சில இலைகளே கொண்ட ரபிடோபோரா டெட்ராஸ்பெர்மா என்னும் கொடி ஒன்று 27,100 நியூசிலாந்து டாலருக்கு ஏலம் போயிற்று. அதற்கும் கத்தி உண்டு, கன்றும் உண்டு, இன்றைய ஆய்வுக்கூடங்களில் திசு வளர்ப்பும் உண்டு. அபூர்வச் செடி வாங்க ஆசைப்படுவோர், அபூர்வம் நீங்கிய மறுநாளும் இதை நம் வாசலில் வைத்துக்கொள்வோமா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டு வாங்குவது விவேகம். அந்தப் பரீட்சையில் குரோட்டன் ஒன்றரை நூற்றாண்டாகத் தேறி வருகிறது.